வண்டி ஓடட்டும், பெயின்ற் அப்படியே கிடக்கட்டும்

பழைய வாகனம் ஒன்றை மீட்டெடுத்த கதை முகநூலில் இரண்டு படங்களில் முடிந்துவிடும். முதல் படத்தில் வளவு மூலையில், புல்லுக்கு நடுவில் ஒரு ஜீப். பொனற்றில் கோழி எச்சம், நாலு ரயரிலும் காற்றில்லை, கதவில் பெயின்ற் வெடித்துத் தொங்குகிறது. இரண்டாவது படத்தில் அதே ஜீப், முகம் பார்த்துத் தலை இழுக்கலாம் போல ஒரு பளபளப்பு. கீழே வரிசையாக நெருப்பு இமோஜி. அந்த இரண்டாவது படத்துக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பும் காசும் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு படத்துக்கும் இடையில் என்ன காணாமல் போனது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. எங்கள் கட்சியை முதலே சொல்லிவிடுகிறோம்: பழைய வண்டியை உயிர்ப்பிக்க வேண்டும், றோட்டில் ஓட வைக்க வேண்டும். ஆனால் அதன் பெயின்றில் கை வைக்கக் கூடாது.

பொதுவாகப் பேசினால் இது வெறும் ரசனைச் சண்டையாகிவிடும். அதனால் ஒரு குறிப்பிட்ட வண்டியை வைத்தே பேசுவோம்.

1948 ஏப்ரல் 30. அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் றோவர் என்ற பிரித்தானியக் கார் கொம்பனி, லான்ட் றோவர் என்ற பெயரில் ஒரு புது வண்டியை உலகத்துக்குக் காட்டியது. அதற்கு ஒரு வருடம் முந்தி அப்படி ஒன்று யாருடைய திட்டத்திலும் பெரிதாக இருக்கவில்லை. றோவரின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸில், அங்கிள்சி என்ற தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே வேலைக்கு அவர் வைத்திருந்தது போரில் மிஞ்சிய ஓர் அமெரிக்க வில்லிஸ் ஜீப். அது பழுதடைந்தால் அதற்குப் பதிலாக வாங்க பிரித்தானியாவில் அப்படி ஒரு வண்டி இல்லை. அப்படியெண்டால் நாங்களே செய்வோம் என்று மொறிஸும், கொம்பனியின் நிர்வாக இயக்குநராக இருந்த அவருடைய அண்ணன் ஸ்பென்சரும் முடிவெடுத்தார்கள். றெட் வார்ஃப் குடாவின் கடற்கரை மணலில் மொறிஸ் அதன் வடிவத்தைக் கீறிக் காட்டினார் என்பது லான்ட் றோவர் பைத்தியங்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் கதை.

போர் முடிந்த நேரம். உருக்குக்குப் பங்கீடு, அலுமினியமோ தாராளம். அதனால் உடற்பகுதித் தகடுகளை அலுமினியமும் மக்னீசியமும் கலந்த பேர்மபிறைற் என்ற உலோகத்தில் செய்தார்கள். வளைவுகளை அழுத்தி எடுக்க விலைகூடிய அச்சு வேண்டும், ஆகவே பெரும்பாலும் தட்டையான தகடு, நேரான மடிப்பு. தெரிவு செய்ய வேறு நிறமும் இல்லை, எல்லாம் வெளிர் பச்சை. போர்விமானங்களின் உட்புறத்துக்கு அடிக்க வைத்திருந்து மிஞ்சிய பெயின்ற் அது என்று சொல்லுவார்கள். அடர் பச்சை 1949இல்தான் வந்தது. 80 அங்குலச் சில்லிடைத் தூரம், 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின், 50 குதிரைவலு, விலை 450 பவுண். இன்றைக்கு உலகம் முழுக்க ஒரு சின்னமாகப் பார்க்கப்படுகிற இந்த வடிவத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் இருந்தது தட்டுப்பாடு.

தொழிற்சாலை உற்பத்தி தொடங்க முதல் பரிசோதனைக்கென்று 48 முன்னோடி வண்டிகளைச் செய்தார்கள். அம்ஸ்ரர்டாமில் காட்டப்பட்டவை இவற்றில் சில. அதில் ஏழாம் இலக்க வண்டி கனகாலம் எங்கே போனதென்றே தெரியாமல் இருந்தது. 1960களில் கடைசியாக றோட்டில் ஓடியிருக்கிறது. பிறகு ஒரு இருபது வருடம் வேல்ஸில் ஒரு வயலில் கிடந்திருக்கிறது. யாரோ ஒருவர் திருத்துவம் எண்டு வாங்கி, வேலையை முடிக்காமல் வீட்டுத் தோட்டத்தில் விட்டிருக்கிறார். கடைசியில் அது கண்டுபிடிக்கப்பட்ட இடம், அதைச் செய்த சொலிஹல் தொழிற்சாலையில் இருந்து சில மைல் தூரம்தான். வண்டியின் 70 ஆவது ஆண்டையொட்டி 2018 ஜனவரியில் ஜாகுவார் லான்ட் றோவர் கொம்பனி அதைத் தானே மீட்டெடுப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் எங்களைப் பிடித்து நிறுத்தியது ஒரு விசயம். 1948இல் அடித்த வெளிர் பச்சைப் பெயின்றை அது கிடக்கிற நிலையிலேயே காப்பாற்றி, பழைய பாகங்களின் காலத் தேய்மானத்தையும் வைத்துக்கொண்டு, வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவரப் போகிறார்கள்.

கவனியுங்கோ, இதே கொம்பனிதான் 2016இல் 'றீபோர்ன்' என்ற திட்டத்தில் பழைய முதலாம் தொடர் லான்ட் றோவர்கள் 25ஐ எடுத்து, கழற்றி, அந்தக் காலத்து நிறங்களில் புதிதாகப் பெயின்ற் அடித்து, 60,000 பவுணுக்கு மேலே விலை போட்டு விற்கத் தொடங்கியது. புதுப் பெயின்ற் அடிக்க அவர்களுக்கு ஆளும் இருக்கிறது, அறையும் இருக்கிறது, நிறத்தின் சூத்திரமும் இருக்கிறது. இருந்தும் ஏழாம் இலக்கத்துக்கு அதைச் செய்யவில்லை. ஏன்?

எங்களுக்குப் படுகிற பதில் இதுதான். 1948இன் வெளிர் பச்சையை இன்றைக்கு யாரும் கலக்கலாம். அந்த நிறம் தொலையவில்லை. தொலையக் கூடியது, 1948இல் ஒரு தொழிலாளி குறிப்பிட்ட ஒரு தகட்டில் பூசிய பூச்சு. அது எந்த மடிப்பில் தடித்தது, எந்த மூலைக்குப் போய்ச் சேரவில்லை, எந்தப் பாகத்தைப் பொருத்திய பிறகு அடித்தார்கள், எதைத் தனியாக அடித்துவிட்டுப் பொருத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முன்னோடி வண்டிகளின் தகடு பிறகு வந்தவற்றை விடத் தடிப்பு, சட்டகம் நாகமுலாம் பூசியது. இப்படியான சின்ன வித்தியாசங்களை வைத்துத்தான் ஒரு வண்டி உண்மையில் எது என்பதையே ஆட்கள் நிரூபிக்கிறார்கள். ஒரு கதவு அந்த வண்டியோடு பிறந்ததா, வேறொரு வண்டியில் இருந்து கழற்றி மாட்டியதா என்று பார்க்கப் பெயின்றை விட நல்ல சாட்சி குறைவு.

அதுக்கு மேலே பாவித்தவர்களின் கையெழுத்து. சாரதிக்கதவின் மேல்விளிம்பில் பச்சை தேய்ந்து அலுமினியம் தெரிகிறதா, அங்கே ஒருவர் வருடக்கணக்காக முழங்கையை வைத்திருக்கிறார். பின்தட்டில் நீளமான கீறல்களா, பாரமான ஏதோவொன்றை ஏற்றி இழுத்திருக்கிறார்கள். பின்பக்க வளைவொன்றில் மட்டும் வேறு பச்சையா, அங்கே ஒருநாள் எதிலோ முட்டியிருக்கிறது. தேய்மானம் எப்பவும் பாவனை இருந்த இடத்தில்தான் வரும். சும்மா வெயிலில் நின்று மங்கிய பெயின்ற் வேறு, ஆள் ஏறி இறங்கித் தேய்ந்த பெயின்ற் வேறு. கொஞ்சம் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். ஓலைச்சுவடியில் எழுத்து மங்கிவிட்டது என்று புதுசாகக் கீறி எழுதினால் எங்கள் பீடத்தில் ஒரு விரிவுரையாளரும் மன்னிக்க மாட்டார். தகட்டில் எழுதப்பட்டதற்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

புதுப் பெயின்றை எந்த நாளும் அடிக்கலாம். இன்றைக்கு இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து. பழையதை ஒருக்கா சான்ட் பேப்பரால் தேய்த்தால் அது தூசியாகி கராஜ் நிலத்தில் கிடக்கும். அந்தத் தூசியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் கலப்பது சாதாரணம். முகமூடி இல்லாமல் உலர்தேய்ப்பு செய்கிற பெடியனின் நெஞ்சுக்குள் போவதும் அதுதான். எங்கடை கராஜ்களில் இதைப்பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டு நாங்கள் காணவில்லை.

சரி, பெயின்றைத் தொடாமல் எப்படி உயிர்ப்பிக்கிறது? இங்கேதான் வேலை சுவாரசியமாகிறது. 'பெயின்றைத் தொடாதே' என்பதை 'ஒன்றுமே செய்யாதே' என்று விளங்கிக்கொண்டால் வண்டி இன்னும் பத்து வருடத்தில் மண்ணாகிவிடும்.

பல வருடம் நின்ற எஞ்சினை முதல்நாளே ஸ்ராட் பண்ணப் பார்க்கிறது மடத்தனம். சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகியிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள்ளால் ஊடுருவும் எண்ணெய் விட்டு, நாள்கணக்காக ஊற விட வேண்டும். பிறகு ஸ்ராட்டிங் கைபிடியைப் போட்டுக் கையால், மெதுவாக, அரை அங்குலம் அந்தப் பக்கம், அரை அங்குலம் இந்தப் பக்கம். அவசரப்பட்டு உந்தினால் உள்ளே ஏதாவது முறியும். தாங்கிக்குள் கிடக்கிற பெற்றோல் வார்னிஷ் மாதிரி ஒட்டிப்போயிருக்கும், அதை முழுக்க எடுக்க வேண்டும். காபரேற்றரைப் பிரித்துக் கழுவ வேண்டும். பழைய வயர்களின் மேல் இருக்கிற றப்பரும் நூலும் தொட்டால் உதிரும். அதோடு பற்றரியை இணைத்தால் நெருப்பு. பிரேக் குழாய், பிரேக் றப்பர், ரயர் இவற்றில் பழமைப் பற்றுக்கு இடமே இல்லை, புதிதுதான். பழைய ரயரைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். அதில் ஓடக்கூடாது.

பெயின்ற் பக்கம் வந்தால் வேலை எதிர்மாறு: கூடியவரை குறைவாகச் செய்வது. முதலில் பாசியையும் மண்ணையும் தண்ணியாலும் மென்மையான சவர்க்காரத்தாலும், மிருதுவான பிரஷ்ஷால், கை அகலத் துண்டு துண்டாகக் கழுவ வேண்டும். அதுவும் முதலில் வெளியே தெரியாத ஓர் இடத்தில் செய்து பார்த்துவிட்டு. அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கி வேண்டாம், வெடித்த விளிம்புக்குள் அது பூந்தால் மிச்சத்தையும் கழற்றிக்கொண்டு போகும். இந்தக் காலத்துக் கார் மாதிரி அந்தப் பெயின்றுக்கு மேலே தெளிவான பாதுகாப்புப் பூச்சு கிடையாது. ஆகவே பொலிஷ் போட்டுத் தேய்க்கும்போது பழந்துணியில் பச்சை ஒட்டுகிறதென்றால் நீங்கள் அழுக்கைத் துடைக்கவில்லை, பெயின்றையே துடைக்கிறீர்கள். கடைசியாக ஒரு மெல்லிய மெழுகு. அருங்காட்சியகங்களில் உலோகப் பொருட்களுக்குப் பூசுகிற நுண்படிக மெழுகு நல்லது, தேவையென்றால் பிறகு எடுத்துவிடலாம். ஆளிவிதை எண்ணெய் பூசினால் அன்றைக்குப் படத்துக்கு வடிவாகத்தான் இருக்கும். கொஞ்சக் காலத்தில் மஞ்சளித்து, தூசியை இழுத்து, பிசினாகி நிற்கும்.

உண்மையான தலையிடி சட்டகத்திலும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவில் நிற்கிற உருக்குச் சுவரிலும் இருக்கிறது. அலுமினியத் தகடு மழையில் கிடந்தாலும் தாங்கும். மேலே உருவாகிற ஒட்சைட்டுப் படலமே அதுக்குக் காவல். உருக்கு கறள் பிடிக்கும். இரண்டும் முட்டுகிற இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியமும் வெள்ளை மாவாக உதிரத் தொடங்கும். இங்கே கறளைப் பார்த்துக்கொண்டு 'வரலாறு, வரலாறு' என்று கும்பிட்டுக்கொண்டிருக்க ஏலாது. இற்றுப்போன துண்டை வெட்டித் தள்ளி, நல்ல உருக்கை ஒட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நடுவால் முறியும். ஒட்டின துண்டுக்குப் பெயின்ற் அடிக்கவும் வேண்டும். அந்தப் புதுத் துண்டைப் பழசு மாதிரிக் காட்டுவதா, புதிசென்று தெரிய விடுவதா? நாங்கள் தெரிய விடச் சொல்லுவோம். கொஞ்சம் மங்கிய, பக்கத்து நிறத்தோடு சண்டை பிடிக்காத பச்சை, ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் இது பிறகு வந்தது என்று விளங்க வேண்டும். யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள், பிறகு வெள்ளையடித்துத் திறந்தார்கள். கறுத்த சுவரில் ஒரு பகுதியையாவது விட்டுவைத்திருக்கலாம் என்ற வாதம் எங்கள் தலைமுறைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை ஒரு ஜீப்போடு ஒப்பிடுகிறோம் என்று கோபப்படாதீங்கோ. கேள்வியின் அளவு வேறு, கேள்வி ஒன்றுதான்.

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் நீண்ட வரலாறு உண்டு. பழைய கட்டடத்தை 'மீளமைப்பது' என்ற பெயரில் அழிக்கிறார்கள் என்று ஜோன் றஸ்கின் 1849இலேயே சத்தம் போட்டார். பிரான்சில் வியொலே-லெ-டுக் அதற்கு நேரெதிர். ஒரு கட்டடம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி முழுமையாக்கிக் காட்டலாம் என்ற ஆள். 1964இன் வெனிஸ் சாசனம் ஊகம் தொடங்குகிற இடத்தில் மீளமைப்பு நின்றுவிட வேண்டும் என்று எல்லை போட்டது. அதே வழியில் பழைய வாகனங்களுக்கென்று ஃபீவா என்ற சர்வதேசக் கூட்டமைப்பு ரியூரின் சாசனத்தை வைத்திருக்கிறது. அதன் சாரம், பாதுகாப்பது முதலில், மீளமைப்பது அதற்குப் பிறகு. வேடிக்கை என்னவென்றால் கார் பிரியர்களில் கனபேர் இதை வாசிக்காமலே அனுபவத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏலங்களில் ஒரு முறையும் பெயின்ற் அடிக்காத வண்டிக்கு இப்போது தனி மதிப்பு.

அந்த மதிப்பில்தான் எங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. லான்ட் றோவரின் முதல் உற்பத்தி வண்டி, ஜே.யூ.ஈ. 477 என்ற இலக்கத்தகடு கொண்டது, 1970இல் வட இங்கிலாந்தில் ஒரு விவசாயியிடம் 15 பவுணுக்குப் போனது. அது அங்கே உழைத்துக் களைத்துக் கிடந்தது. இன்றைக்கு அது ஜிம் றாட்க்ளிஃப் என்ற பெரும் கோடீஸ்வரரிடம் இருக்கிறது. உழைப்பால் தேய்ந்த பெயின்ற், உழைக்காதவர்கள் வாங்கி வைக்கிற அலங்காரமாகிவிடுகிறது. இதைவிடக் கேவலம், புதுப் பெயின்றைத் திட்டம்போட்டுத் தேய்த்து, கறள் நிறத்தை ஸ்பிறே பண்ணி, பழசாக்கி விற்கிற வியாபாரமும் நடக்கிறது. முழங்கை படாத இடத்தில் முழங்கைத் தேய்மானம்! ஆனாலும் போலி வந்துவிட்டது என்பதற்காக உண்மையானதைத் தேய்த்து அழிக்க ஏலாது. போலி பெருகப் பெருக உண்மையான சாட்சிக்குத் தேவை இன்னும் கூடும்.

இன்னொரு எதிர்க்கேள்வி இதைவிடப் பலமானது. வண்டி என்றால் ஓடத்தானே, பெயின்றைப் பார்த்துப் பார்த்து மூடி வைத்தால் அது பிணம்தானே என்று கேட்பார்கள். 1955இல் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஆறு பேர், எங்கள் வயதுக்காரர், இரண்டு லான்ட் றோவர்களில் லண்டனில் இருந்து சிங்கப்பூருக்குத் தரைவழியாகப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அதைப் படம்பிடிக்க பிபிசியில் இருந்து பிலிம் கொடுத்தவர் டேவிட் அற்றன்பரோ. 'ஒக்ஸ்ஃபோர்ட்' என்ற வண்டி பிறகு அத்திலாந்திக் சமுத்திரத்தில் சென் ஹெலனா தீவில் போய் முடங்கியது. 2017இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, திருத்தி, 2019இல் சிங்கப்பூரில் இருந்து லண்டனுக்குத் திருப்பி ஓட்டினார்கள். முதல் பயணத்தில் போன ரிம் ஸ்லெஸரும் 87 வயதில் கூடப் போக இருந்தார். சுகவீனத்தால் அவருக்குப் பதிலாகப் பேரன் போனான். இப்படிப்பட்ட ஒரு பயணத்துக்கு வண்டியைத் தயார்படுத்தும்போது பழைய பெயின்றுக்காகப் பாகங்களை மாற்றாமல் விட முடியாது. அந்த வண்டிக்கு அதன் பயணம்தான் வரலாறு. அதை ஓட்டினது சரி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் வளவில் கிடக்கிற எல்லா ஜீப்பும் சிங்கப்பூர் போகப் போகிறதில்லை. பின்னேரத்தில் சந்திவரை போய்வர, அடுத்த ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போக, புது பிரேக்கும் நல்ல வயரும் போதும். பெயின்ற் வெடித்திருந்தால் வண்டி நிற்காது.

இனி எங்கடை பக்கம். ஏழாம் இலக்கத்தின் பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே பொருத்தினால் ஒரு தவறு நடக்கும். 'ஒரிஜினல் பெயின்ற்' என்ற சொல்லைக் கேட்டதும் தொழிற்சாலைப் பெயின்ற் என்று எடுத்துக்கொண்டு, அதுக்கு மேலே இருக்கிற எல்லாவற்றையும் சுரண்டத் தொடங்கிவிடுவோம்.

யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களை எடுங்கோ. 1990களில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அந்தக் கார்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயிலும் ஓடும், ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கிற கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டு விட்டு, பிடித்து, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் இடப்பெயர்வுக்கும் ஓடினது அந்தக் கார்கள். இப்படி ஒரு காரில் இருக்கிற பெயின்ற் இங்கிலாந்துத் தொழிற்சாலையில் அடித்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. கிடைத்த பெயின்றை, கிடைத்த நிறத்தில், சிலவேளை வீட்டு யன்னலுக்கு வாங்கினதில் மிஞ்சியதைக் கூட, பிரஷ்ஷால் அடித்திருப்பார்கள். பிரஷ் கோடு தெரியும். ஷெல் துண்டு பட்ட துளையைத் தகரம் வைத்து மூடியிருப்பார்கள். எங்களைப் பொறுத்தவரை அந்தக் காருக்கு 'ஒரிஜினல்' அதுதான். 1950இன் தொழிற்சாலை நிறத்தைத் தேடி அந்த பிரஷ் கோடுகளைத் தேய்த்தெடுப்பது, ஏழாம் இலக்கத்தின் பச்சையைத் தேய்ப்பதைப் போன்ற அதே வேலை.

எங்கடை நாட்டில் வாகனத்தில் பூசியது அரசியலாகவும் இருந்திருக்கிறது. 1957இல் புதிய வாகனப் பதிவில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சியின் எதிர்ப்பில் அதைத் தமிழ் எழுத்தாக மாற்றினார்கள். 1958இல் வடக்குக்கு வந்த அரச பஸ்களின் 'ஸ்ரீ'க்குத் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் கடைப் பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துக்குத் தார் பூசினார்கள். அந்த வருடம் மே மாதம் என்ன நடந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காவிட்டாலும் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்து இலக்கத்தகடு ஒன்றில், மேலே அடித்த கறுப்புப் பெயின்றுக்குக் கீழே, ஒரு தார்ப் படலம் கிடக்கலாம். 'தகட்டைச் சுரண்டி வடிவாப் புதுசா எழுதித் தாங்கோ' என்று கொடுத்தால் பத்து நிமிடத்தில் அது போய்விடும். அதைப் படமாவது எடுத்து வைக்க எங்களில் யார் இருக்கிறோம்?

மலையகத்துத் தோட்ட ஜீப்புகளைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நுவரெலியாப் பக்கம் பழைய லான்ட் றோவர்கள் இன்றைக்கும் ஓடுகின்றன, சில மரக்கறி ஏற்றுகின்றன, சில உல்லாசப் பயணிகளை ஹோட்டன் சமவெளிக்கு ஏற்றுகின்றன. பயணிகளுக்கென்று புதிதாகப் பெயின்ற் அடிக்கும்போது பெரும்பாலும் ஒரே கதையைத்தான் மீட்டெடுக்கிறார்கள்: தொப்பி போட்ட வெள்ளைத் துரை, பச்சை ஜீப், தேயிலை மலை. ஆனால் தோட்டத்து ஜீப்பின் ஸ்ரியறிங்கைப் பிடித்தவர், பின்னால் ஏறி இறங்கினவர், இரவில் நோயாளியைத் தூக்கி வைத்தவர் எல்லாரும் துரை இல்லையே. முன்கதவின் கொம்பனி நிறத்தில் துரை இருக்கலாம். பின்தட்டின் தேய்மானத்தில் மற்றவர்கள் இருக்கிறார்கள். புதுப் பெயின்ற் அடிக்கும்போது முதலில் மறைவது பின்தட்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025இல். அந்த ஐந்து வருடத்தில் ஓடக்கூடிய எந்தத் தகரத்துக்கும் விலை ஏறியது. வளவுகளில் கிடந்ததெல்லாம் கராஜுக்குப் போனது. பட்டி பூசி, தேய்த்து, ஸ்பிறே அடித்து விற்றார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டோம், வீட்டில் அரிசி வேண்டும். 'உரிந்த பெயின்றோட வித்தா எவன் வாங்குவான்?' என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. ஆனால் விற்க அல்லாமல், அப்பப்பாவின் ஞாபகத்துக்கு என்று காசைக் கொட்டித் திருத்துகிறவர்களிடம் கேட்கலாம். அப்பப்பாவின் கை பட்ட பெயின்றைச் சுரண்டிவிட்டு எந்த ஞாபகத்தை வைத்திருக்கப் போகிறீர்கள்?

முழுக்க அடிக்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களிடமும் கொஞ்சம் கேட்கிறோம். கராஜுக்கு அனுப்ப முதல் நல்ல வெயிலில், நாலு பக்கமும், கதவுகளின் உட்பக்கமும், இருக்கைக்குக் கீழேயும் படம் எடுங்கோ. பொனற்றின் அடிப்பக்கத்தை, அல்லது ஒரு கதவின் உட்பக்கத்தையாவது அடிக்காமல் விடச் சொல்லுங்கோ. உரிந்து விழுகிற துண்டொன்றை எடுத்து ஒரு தாளில் சுற்றி வையுங்கோ. அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எத்தனை நிறம் எத்தனை தரம் அடித்தார்கள் என்று அடுக்கடுக்காகத் தெரியும். கீழே செம்மண் நிறத்து அடிப்பூச்சு, மேலே ஒரு பச்சை, அதுக்கு மேலே ஒரு நீலம், இப்படி. எந்த அடுக்கு எந்த வருடம், ஏன் நீலத்துக்கு மாறினது என்று சொல்லக்கூடிய ஆள் பெரும்பாலும் அந்த ஊரில் ஒருத்தர்தான் இருப்பார், அதை அடித்த பெயின்ரர். அவருக்கு இப்போது எழுபது கடந்திருக்கும். போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கோ.